காதோடு வந்த துணை: ஆடியோ கைடு பிறந்த கதை

எடின்பரோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கவழி தென்பட்டதாம். அது எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். பேக்பைப் ஊதும் சிறுவன் ஒருவனை உள்ளே இறக்கினார்கள். "நீ ஊதிக்கொண்டே போ, நாங்கள் மேலே ஓசையைப் பிடித்துக்கொண்டு வருகிறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கோட்டை வாசலிலிருந்து சரிந்து இறங்கும் ராயல் மைல் தெருவில், காலுக்கடியில் கேட்ட ஓசையைத் தொடர்ந்து ஒரு கூட்டம் நடந்தது. பாதித் தெரு வந்ததும், ட்ரான் தேவாலயத்தின் பக்கத்தில், ஓசை சட்டென்று நின்றுவிட்டது. சிறுவன் திரும்பி வரவே இல்லை. வழியை அடைத்துவிட்டார்கள். இரவில் இன்னமும் அந்தக் குழலோசை கேட்கிறது என்பவர்கள் அந்த ஊரில் உண்டு.

இது நடந்த கதையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மேலே நடந்த அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவன் எழுப்பும் ஓசை, அதன் பின்னால் தெருவோடு போகும் மனிதர்கள். இன்று அதே ராயல் மைலில் காதில் இயர்போனோடு ஏதோ ஒரு சுவரின் முன் நின்று, அண்ணாந்து பார்த்து, தமக்கு மட்டும் கேட்கும் பேச்சுக்குத் தலையசைத்து, மறுபடி நடக்கத் தொடங்குகிறவர்களை எந்நேரமும் பார்க்கலாம். அவர்கள் காதில் பேசுவது ஆடியோ கைடு. ஒரு கோட்டையையும் அதன் ஊரையும் நம் காலின் வேகத்தில் சுற்றிவர வழிசெய்த இந்தப் பொருள் பிறந்தது கோட்டையில் இல்லை, தெருவிலும் இல்லை. கடல் தாண்டி, ஆம்ஸ்டர்டாமில், ஓர் அருங்காட்சியகத்தில் பிறந்தது.

1952. ஸ்டெடலெக் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி. தலைப்பே ஒரு கேள்வி: வெர்மேர், அசலா போலியா? அந்தக் கேள்வி நெதர்லாந்து மக்களுக்கு அப்போது ஆறாத புண். ஹான் வான் மேகரன் என்ற ஓவியர், 17ஆம் நூற்றாண்டு மேதை வெர்மேரின் பெயரில் தானே படங்கள் வரைந்து பெரிய பெரிய நிபுணர்களை ஏமாற்றியிருந்தார். அவற்றில் ஒன்று நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்கே போய்விட்டது. போர் முடிந்ததும், நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்ற குற்றத்துக்காக 1945இல் அவரைப் பிடித்தார்கள். அவர் சொன்ன மறுமொழிதான் வேடிக்கை: நான் விற்றது வெர்மேர் இல்லை, என் கையால் வரைந்தது. அதை மெய்ப்பிக்கக் காவலில் இருந்தபடியே இன்னொரு போலி வெர்மேரை வரைந்து காட்டினார். 1947 நவம்பரில் ஓராண்டுச் சிறை விதித்தார்கள். அதை அனுபவிக்கும் முன், டிசம்பர் 30ஆம் தேதி இறந்துபோனார்.

அசலையும் போலியையும் பற்றிய கண்காட்சிக்கு வருகிறவரின் நிலைமையை யோசியுங்கள். படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, பார்த்து ஏமாந்தவர்களின் கதைதானே அது. எங்கே பார்க்க வேண்டும், எந்த விரிசலில் சந்தேகம் கொள்ள வேண்டும் என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டும். சுவரில் நீளமாக எழுதி வைத்தால் வந்தவர் எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார், படம் அநாதையாகத் தொங்கும். கண்ணைப் படத்தின் மேலேயே விட்டுவைத்துச் செய்தியைக் காது வழியாக அனுப்புவது என்ற எண்ணம் இப்படியொரு கண்காட்சியில் முளைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அருங்காட்சியகத்தின் இயக்குநர் வில்லம் சாண்ட்பெர்க். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. போர்க்காலத்தில் நாஜிகளின் கண்ணில் மண்ணைத் தூவ, மறைந்து வாழ்ந்தவர்களுக்காகப் போலி அடையாள அட்டைகள் செய்து கொடுத்தவர் அவர். அந்த அட்டைகளைச் சரிபார்க்க உதவிய பதிவேடுகள் ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவு அலுவலகத்தில் இருந்தன. 1943 மார்ச் 27 இரவு அந்த அலுவலகத்தையே வெடிவைத்துத் தகர்த்த குழுவில் அவரும் ஒருவர். கூட்டாளிகள் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சாண்ட்பெர்க் தப்பி, போர் முடியும்வரை தலைமறைவாக இருந்தார். உயிர் காக்கப் போலி செய்தவரின் அருங்காட்சியகத்தில், பணம் பண்ணப் போலி செய்தவரை நினைவூட்டும் கண்காட்சி.

அங்கே அமைத்த கருவி எளிமையானது. ஒரு டேப் ரெக்கார்டரில் பதிந்த விளக்கவுரை ஓடும். கூடத்தைச் சுற்றி ஓட்டியிருந்த கம்பிச் சுருள் அதைச் சிற்றலை வானொலியாகப் பரப்பும். கம்பி வளையத்துக்குள் நிற்பவர் கையிலிருக்கும் சிறிய ஏற்பியில் அது கேட்கும், வளையத்தை விட்டு வெளியே வந்தால் கேட்காது. டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என்று நான்கு மொழிகளில் உரை இருந்தது. கூடத்துக்குள் மட்டும் ஒலிக்கும் ஒரு குட்டி வானொலி நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வானொலிக்கு உள்ள குறை இதற்கும் இருந்தது. ஒலிபரப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒருவருக்குப் பிடித்த படத்தின் முன் இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வழியில்லை, குரல் அடுத்த படத்துக்குப் போய்விடும். அந்நாளைய புகைப்படங்களில் காதில் கருவியை வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே ஒரே திசையில் பார்த்து நிற்கிறது. ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு ஒரு பேச்சாளரைச் சுற்றி நின்ற பழைய முறையிலிருந்து பேச்சாளரை மட்டும் எடுத்துவிட்டது போல இருக்கும். கூட்டம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாற்றமும் அந்தக் கூட்டத்தைக் கலைத்து, மனிதரைத் தனித்தனியாக நடக்க விட்ட கதைதான்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1957இல் அங்கே தொடங்கிய அகூஸ்டிகைடு நிறுவனம், டேப்பில் பதிந்த உரையை வருகிறவர் கையிலேயே கொடுத்துவிட்டது. இனி எல்லோரும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். அதன் தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்று நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க் ஊரில், மறைந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வீட்டுக்காகச் செய்தது. பேசியவர் அவர் மனைவி எலினார் ரூஸ்வெல்ட். அந்த வீட்டில் 1941 வரை மாமியார் சாராவின் ஆட்சிதான். அதைத் தன் வீடு என்று எலினார் ஒருநாளும் உணர்ந்ததில்லை, மூன்று கிலோமீட்டர் தள்ளித் தனக்கென்று ஒரு குடில் அமைத்துக்கொண்டவர் அவர். அப்படிப்பட்டவர் வருகிறவர்களை அறை அறையாக அழைத்துப் போகிறார். இங்கே பேசுவது வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அந்தப் படியில் ஏறி இறங்கியவர். கருவியைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். இடத்தைப் பற்றிப் பேச அங்கே வாழ்ந்தவரின் தொண்டைக்கே முதல் உரிமை.

ஆனால் கருவி இல்லாமல் குரல் நடக்காது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு ஒரு சிறிய நாடாப்பெட்டியை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஆட்டன்ஸ் முதலில் ஒரு மரத்துண்டைச் செதுக்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுப் பார்த்தார், கருவி இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று. 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது கேசட் என்று வெளிவந்தது. 1979 ஜூலை 1ஆம் தேதி ஜப்பானில் சோனியின் வாக்மேன் கடைக்கு வந்தது. முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். தனியாகக் கேட்பது அக்கம்பக்கத்தாருக்கு மரியாதைக் குறைவோ என்ற தயக்கம் அன்றைக்கு இருந்தது. இன்னொருவர் பேசவந்தால் இசையைத் தாழ்த்த ஒரு பொத்தான்கூட வைத்திருந்தார்கள்.

கேசட் மலிவாக இருந்தது, எளிதில் கெடாத கருவி, பழுதானால் மாற்றிவிடலாம். ஆனால் நாடா ஒரே திசையில் ஓடும் சரக்கு. முதல் கூடத்தைப் பார்த்துத்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும். அதனால் உரை எழுதுகிறவர் கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு நடந்து பார்த்து எழுத வேண்டியிருந்தது. இந்தக் கதவிலிருந்து அந்தப் படிக்கட்டுக்கு எத்தனை அடி, முட்டி வலிக்காரர் எவ்வளவு நேரம் எடுப்பார், அதுவரை என்ன பேசுவது, எங்கே நிறுத்து என்று சொல்வது. ஒரு அறையைப் பூட்டி வெள்ளையடிக்கத் தொடங்கினால் கேசட்டின் பாதி வழி பாழ். இந்தக் கணக்கு வேலையில் ஒரு தனிக் கலை பிறந்தது. அதை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் அருங்காட்சியக ஆட்கள் இல்லை, நாடகக்காரர்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சாசலிட்டோ என்ற ஊர். அங்கே கிறிஸ் ஹார்ட்மேன் 1980இல் அண்டெனா தியேட்டர் என்ற குழுவைத் தொடங்கினார். பார்வையாளரை நாற்காலியில் உட்கார வைப்பதில் அவருக்கு ஈடுபாடு இல்லை. தலையில் வாக்மேனை மாட்டி எழுப்பி நடக்கவிட்டார். காதில் வரும் குரல் சொல்லும்படி நடக்கிறபோது பார்க்க வந்தவரே பாத்திரமாகிவிடுவார். இந்த முறைக்கு வாக்மனாலஜி என்று பெயரும் வைத்தார். இப்படி நாடகம் போட்டவர்களுக்கு வந்த பெரிய வேலை அல்காட்ராஸ் தீவு.

அல்காட்ராஸ் 1934 முதல் 1963 வரை அமெரிக்காவின் மிகக் கடுமையான கூட்டாட்சிச் சிறை. அது மூடப்பட்ட பிறகு, 1969 நவம்பரிலிருந்து 19 மாதங்கள் அமெரிக்கத் தொல்குடியினர் தீவைத் தங்கள் உரிமை மண் என்று கைப்பற்றி வைத்திருந்தார்கள். 1973இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது, பூங்காக் காவலர்கள் குழுகுழுவாக அழைத்துப்போய்க் காட்டினார்கள். 1987இல் சிறைக்கூடத்துக்கு அண்டெனா குழு செய்த கேசட் வந்தது. முன்னாள் காவலர்களையும் முன்னாள் கைதிகளையும் தேடிப் போய், அவர்கள் பேச்சையே பதிந்து வந்து, ஒரு காவலர் குரல், ஒரு கைதி குரல் என்று பின்னியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லி உங்களைக் கூட்டிப்போகிறார். காலடிச் சத்தம் கேட்கிறது, அது உங்களுடையதா இன்னொருவருடையதா என்று ஒரு கணம் தடுமாறுகிறீர்கள். முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு வரிசை ஒரே வீச்சில் மூடுகிறது. திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு.

கைதிகள் தம் சிறைக்குள் ஓர் ஊரையே கற்பித்து வைத்திருந்தார்கள். நடுக்கூடத்துக்குப் பெயர் பிராட்வே. கடிகாரம் தொங்கும் முனை டைம்ஸ் ஸ்குவேர். தண்டனை அறையின் இருட்டில் கிடந்த ஒருவர், சட்டைப் பொத்தானைப் பிய்த்து மேலே சுண்டிவிட்டு, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, தரையில் தவழ்ந்து அதைத் தேடிக் கண்டெடுத்து, மறுபடி சுண்டிவிட்டு மறுபடி தேடினேன் என்று சொல்கிறார். புத்தி கலங்காமல் இருக்க அவருக்குக் கிடைத்த வேலை அது. புத்தாண்டு இரவில் காற்று தோதாக வீசினால் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீருக்கு அப்பாலிருந்து நகரத்தின் சிரிப்பும் பாட்டும் சிறைக்குள் கேட்குமாம். இதை ஒரு பலகையில் எழுதியிருந்தால் தகவல் என்று படித்துவிட்டு நகர்ந்திருப்போம். அந்த ஜன்னலுக்கு நேராக நிற்கும்போது, அதைக் கேட்டவரின் குரலிலேயே நம் காதில் விழுகிறபோது, தொண்டை அடைக்கிறது. ஆடியோ கைடு வளர்ந்து ஆளான இடம் அல்காட்ராஸ்தான். அதற்குமுன் அது பேசும் பலகையாக இருந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவில் ஒரு தற்செயல். ஜேனட் கார்டிஃப் என்ற கலைஞர் பான்ஃப் நகரில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு நடந்துகொண்டே கல்லில் உள்ள பெயர்களைப் படித்துப் பதிந்துகொண்டிருந்தார். கை தவறி நாடா பின்னால் ஓடிவிட்டது. எங்கே விட்டோம் என்று அறியப் போட்டுக் கேட்டால், சற்றுமுன் தான் நடந்த காலடி ஓசையும் கண்முன் இருப்பதைச் சொல்லும் தன் குரலும் காதில் வந்தன. அந்தக் காலடிக்கு ஒத்துப்போக நடந்து பார்த்தார். நேற்றைய தானும் இன்றைய தானும் ஒரே பாதையில் நடப்பது போல இருந்தது. 1991இல் அவர் செய்த காட்டு நடை அந்தத் தவறிலிருந்து வந்தது. 1999இல் லண்டனின் ஒயிட்சேப்பல் நூலகத்தில் தொடங்கித் தெருத் தெருவாகப் போகும் ஒரு நடையைச் செய்தார். இரண்டு காதிலும் தனித்தனி மைக் வைத்துப் பதியும் முறையால், பதிவில் யாரோ பின்னால் வந்தால், கேட்பவருக்கும் நிஜமாகவே பின்னால் வருவது போலத் தோன்றும். கூடத்துக்குள் இருந்த குரல் இப்படித்தான் ஊருக்குள் இறங்கியது.

1990களில் நாடா போய் எண்ணியல் பதிவு வந்தது. கையில் தொலைபேசி போன்ற ஒரு கோல், அதில் எண் பொத்தான்கள். சுவரில் ஹெட்போன் படமும் ஓர் எண்ணும். 14ஐ அழுத்தினால் 14ஆவது கதை, அதை முடிக்காமல் 3க்குப் போகலாம், பிடித்ததை இருமுறை கேட்கலாம். சிறிய வசதிதான். ஆனால் சுற்றுப்பயணியின் கையில் முதன்முறையாக வரிசை வந்து சேர்ந்தது. எங்கே நிற்பது, எதைத் தாண்டுவது என்று தீர்மானிப்பவர் இனி அவரே. கோட்டைகளுக்கு இது வரப்பிரசாதம். ஓவியக்கூடத்தில் ஒருவழியாக நடக்கலாம், கோட்டையில் யார் அப்படி நடக்கிறார்கள்? பிள்ளைகள் பீரங்கியைப் பார்த்து ஓடும், பெரியவர்கள் நிழலைத் தேடுவார்கள், மழை வந்தால் எல்லோரும் கிடைத்த கூரைக்கு அடியில் ஒதுங்குவார்கள்.

எடின்பரோ கோட்டைக்கு இப்போது ஏறலாம். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்த எரிமலைத் தொண்டையின் மேல் நிற்கிறது அது. பல மொழிகளில் ஆடியோ கைடு அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பாறையின் உச்சியில் மார்கரெட் அரசியின் பெயரில் ஒரு சிறிய வழிபாட்டு மனை இருக்கிறது. தாயின் நினைவாக முதலாம் டேவிட் அரசர் 1130 வாக்கில் கட்டியது, எடின்பரோவில் இன்று நிற்கும் கட்டடங்களில் மூத்தது. அதன் முன்னே மான்ஸ் மெக் என்ற பீரங்கி. 1449இல் இன்றைய பெல்ஜியத்தின் மான்ஸ் நகரில் செய்து, 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பரிசாக வந்தது. 150 கிலோ கல்குண்டை வீசும். 1558இல் ஸ்காட்லாந்தின் மேரி அரசிக்கு பிரெஞ்சு இளவரசருடன் நடந்த திருமணத்துக்கு மரியாதை வேட்டாக முழங்கியபோது குண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது, அதைத் தேடிக் கொண்டுவர ஆட்களுக்குக் கூலி கொடுத்தார்கள். 1681இல் இன்னொரு மரியாதை வேட்டில் குழாயே வெடித்துவிட்டது. அதோடு அது ஓய்ந்தது.

அரண்மனைப் பகுதியில் ஓர் அறை உண்டு, அதை அறை என்று சொல்லவே கூசும், அலமாரி போல இருக்கும். 1566 ஜூன் 19ஆம் தேதி மேரி அரசி அதில்தான் ஒரு மகனைப் பெற்றெடுத்தார். பின்னாளில் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே முடியின் கீழ் ஆண்டவன் அந்தப் பிள்ளை. பக்கத்திலேயே மகுட அறை. 1707இல் இரு நாடுகளும் இணைந்தபோது ஸ்காட்லாந்தின் மகுடத்தையும் செங்கோலையும் வாளையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி அறையை அடைத்துவிட்டார்கள். நூறாண்டு தாண்டி, மகுடம் எங்கோ போய்விட்டது என்று ஊர் நம்பியிருந்த நாளில், 1818 பிப்ரவரியில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் உள்ளிட்ட சிலர் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. இந்த அறைகளில் வாய்விட்டு விளக்க ஒரு வழிகாட்டி இருபது பேரோடு நின்றால் இருபத்தொன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். காதோடு பேசும் கருவிக்கு இடம் தேவையில்லை. கண் தெரியாத ஒருவருக்கும் அது கல்லின் நிறத்தையும் கூரையின் உயரத்தையும் சொல்ல முடியும், அதற்கென்றே எழுதிய உரை இருந்தால்.

நல்ல மனித வழிகாட்டி ஒருவர் கிடைத்தால் அவரோடு போங்கள், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கருவியைவிட, கேள்வியைக் கேட்டு யோசிக்கும் மனிதர் எப்போதும் மேல். ஆனால் அவருக்கு அடுத்த குழு காத்திருக்கும். ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்து, சொன்னதை மனத்தில் ஓடவிட்டு, பிறகு எழுந்து தொடர்வதற்குக் காதுத்துணைதான் தோது.

கோட்டையை விட்டு ஊருக்குள் இறங்கினால் வேறு சிக்கல். தெருவில் எண் பலகை அடிக்க முடியாது. இங்கே கைகொடுத்தது வானத்திலிருந்து வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலங்கலான குறிப்பைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. நூறு மீட்டர்வரை பிசகும். நூறு மீட்டர் என்றால் எடின்பரோவில் ஐந்தாறு சந்துகள் தள்ளி. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி அந்தக் கலக்கலை நிறுத்தினார்கள். ஒரே இரவில் உலகமெங்கும் துல்லியம் பத்து, இருபது மீட்டருக்கு வந்தது. சில ஆண்டுகளில் கைப்பேசிக்குள்ளேயே ஜிபிஎஸ் வந்தது. ஒரு மூலையில் திரும்பினால் தானாகவே கதை தொடங்கும் நகர நடைகள் அதற்குப் பிறகு வந்தவை.

ஆனால் எடின்பரோ பழைய நகரம் செயற்கைக்கோளுக்கு எளிதில் வசப்படாது. ராயல் மைல் ஒரு மீனின் முதுகெலும்பு என்றால் இருபுறமும் முள் முள்ளாகப் பிரியும் ஒடுங்கிய சந்துகளுக்கு அங்கே குளோஸ் என்று பெயர். சில இடங்களில் இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். மேலே பல மாடி உயரத்துக்குக் கல் வீடுகள். செயற்கைக்கோள் குறிப்பு சுவரில் பட்டுத் தெறித்து வரும்போது, கைப்பேசி நம்மைப் பக்கத்துச் சந்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். எனவே நல்ல உரைக்காரர்கள் இன்றும் கேசட் காலத்து வழக்கத்தை விடவில்லை. இடப்பக்கம் ஒரு கல் வளைவு தெரிகிறதா, அதற்குக் கீழே போங்கள் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அட்வகேட்ஸ் குளோஸின் இருட்டுக்குள் நுழைந்து, சரிவின் முனையில் தூரத்தில் ஸ்காட் நினைவுக்கோபுரம் சட்டமிட்ட படம் போலத் தெரிகிற கணத்தில் குரல் பேசாமல் இருக்க வேண்டும். எங்கே மௌனம் என்று அறிந்து எழுதியவரின் உரைதான் நல்ல உரை.

ஊர்நடையில் குரலின் பெரிய வேலை, இல்லாததைக் காட்டுவது. செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு வெளியே தரையில் இதய வடிவில் வண்ணக்கற்கள் பதித்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள். புதிதாக வந்தவர் அருவருத்து ஒதுங்குவார். அங்கேதான் 1817இல் இடித்துத் தள்ளிய பழைய சிறை டோல்பூத் நின்றது என்றும், துப்பல் அந்தச் சிறையின் மேல் ஊர் கொண்டிருந்த வெறுப்பின் மிச்சம் என்றும் காதில் விழுந்ததும் வெறும் கல்தரையில் ஒரு கட்டடம் எழுந்து நிற்கிறது. கோட்டைக்கு வடக்கே பசுமையாகக் கிடக்கும் பூங்காவும் அப்படித்தான். நகரத்தின் கழிவெல்லாம் போய்ச் சேர்ந்த நார் லாக் ஏரி கிடந்த பள்ளம் அது.

இத்தனையும் சொன்னபின், எடின்பரோ கோட்டை தன் ஊரிடம் குரல் கொடுத்த கதையையும் சொல்லியாக வேண்டும். அது ஆம்ஸ்டர்டாமுக்கு 91 ஆண்டு மூத்தது. லீத் துறைமுகத்துக் கப்பல்காரர்களுக்குச் சரியான நேரம் வேண்டும், கடலில் தீர்க்கரேகை கணிக்க அதுதான் அடிப்படை. 1852இல் கால்டன் குன்றின் மேல் ஒரு நேரப்பந்து அமைத்தார்கள். பகல் ஒரு மணிக்குப் பந்து கீழே விழும், கப்பலிலிருந்து பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கரையில் ஹார் என்ற கடல்மூடுபனி அடிக்கடி இறங்கும். கண் பயன்படாத நாளில் என்ன செய்வது? காதுக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் சார்ல்ஸ் பியாஸி ஸ்மித், கால்டன் குன்றிலிருந்து கோட்டைக்கு 1.2 கிலோமீட்டர் கம்பி இழுத்து, வானாய்வகக் கடிகாரத்தோடு ஒரு பீரங்கியை இணைத்தார். 1861 ஜூன் 7ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு அது முழங்கியது.

ஓசை ஒளியைப் போல உடனே வந்து சேராது, நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். கோட்டைக்கடியில் இருப்பவருக்கு ஒரு மணி என்றால் லீத் துறைமுகத்தில் நிற்பவருக்கு வேட்டு பத்து நொடிக்கு மேல் தாமதித்துத்தான் கேட்கும். அதற்காக ராபர்ட் ஹிஸ்லாப் என்பவர் அதே ஆண்டில் நகர வரைபடம் ஒன்று தயாரித்தார். கோட்டையை மையமாக வைத்து வட்டம் வட்டமாகப் போட்டு, நீங்கள் நிற்கும் தெருவுக்கு ஓசை வர எத்தனை நொடி என்று குறித்திருந்தார். நிற்கும் இடத்துக்கேற்பப் பொருள் மாறும் ஓசை. இன்றைய ஜிபிஎஸ் நடை செய்வதும் அதையேதான்.

இப்போது வேட்டு முழங்குவது மில்ஸ் மவுன்ட் மதிலிலிருந்து. எடின்பரோ போகிறவர்கள் கோட்டை நுழைவில் கருவியை வாங்கியதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டே முக்காலுக்கு அந்த மதிலுக்குப் போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாட்களில் வேட்டு கிடையாது.